நாலாம் இலக்கத் தகடும் ஒரு மூப்புப் பட்டியலும்

துறைமுகத்தில் வேலை செய்யும் இளைஞர்கள் மூன்று பேர் போன மாதம் லிங்கநகரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். தங்கள் சங்கம் ஒரு மலர் வெளியிடப் போகிறதாம். அதற்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம்.

"ஐயா, உங்கட சேவைக்காலத்து இனிமையான நினைவுகள் ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார் அவர்களில் கண்ணாடி போட்டவர்.

"இனிமை இல்லாத நினைவெண்டால் போட மாட்டீங்களோ?" என்று கேட்டேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, "எதெண்டாலும் எழுதுங்கோ, நாங்கள் போடுறம்" என்றார்கள். அந்த வாக்கை நம்பித்தான் எழுதுகிறேன். வெட்டுவதென்றால் முழுவதையும் வெட்டிவிடுங்கள். பாதியைப் போட்டு என்னை நல்ல கிழவனாகக் காட்ட வேண்டாம்.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தங்கையின் மகன் வெளிநாட்டில் ஒரு விமானக் கொம்பனியில் விமானம் ஓட்டுகிறான். அவனுடைய கொம்பனியை அதைவிடப் பெரிய கொம்பனி ஒன்று வாங்கிவிட்டது. இரண்டு இடத்து விமானிகளின் பெயர்களையும் ஒரே பட்டியலில் கோத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் தலைமை விமானியாக வேண்டியவனுக்கு முன்னால் இப்போது ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது. "மாமா, நான் ஒரு பிழையும் செய்யேல்லை. படுத்து எழும்பிறதுக்குள்ள பின்னுக்குப் போயிட்டன்" என்று எழுதியிருந்தான். வாசித்ததும் எனக்குப் பழைய கோபம் அப்படியே மேலே வந்தது. வானத்தில் பறக்கிறவனுக்கும் தண்ணீரில் மிதக்கிறவனுக்கும் இந்த விஷயத்தில் ஒரே கதிதான். வேலை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், முறை வந்தால்தான் சுக்கான் கைக்கு வரும். அந்த முறையை ஒரு கந்தோரில் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு பென்சிலால் அழிக்கலாம்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது திருகோணமலைத் துறைமுகத்தில் டக் படகுகள் வைத்திருந்தவை இரண்டு கொம்பனிகள். டக் என்பது பெரிய கப்பலை இழுத்தும் தள்ளியும் துறையில் கட்டுவதற்கான சின்னப் படகு. கப்பல் தானாகத் திரும்ப முடியாத இடத்தில் டக்தான் அதைத் திருப்பும். ஒரு கொம்பனியை எல்லோரும் பெரிய கொம்பனி என்பார்கள். அதற்குக் கொழும்பில் கந்தோர், அச்சடித்த படிவங்கள், ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவனுடைய கடிதங்கள் சேர்த்துவைக்கும் ஒரு கோவை எல்லாம் இருந்தன. மற்றது சின்னக் கொம்பனி. அதற்கு மூன்று டக், நாற்பது ஆட்கள், ஒரு முதலாளி, ஒரு கணக்கப்பிள்ளை. நான் சேர்ந்தது சின்னக் கொம்பனியில்.

வேலை பழகிய கதையை விரித்துச் சொல்லப் போவதில்லை. எல்லோரையும் போலக் கயிறு சுற்றினேன், தளம் கழுவினேன், திட்டு வாங்கினேன். சொல்ல வேண்டியது எங்கள் கொம்பனியின் மூப்பு, அதாவது யார் முந்தி வந்தவர் என்கிற வரிசை, எங்கே இருந்தது என்பதைத்தான்.

அது ஒரு புத்தகத்திலும் இருக்கவில்லை. காலையில் ஜெட்டியிலிருந்து டக்கில் ஏறுகிற வரிசையில் இருந்தது. மூத்தவர் முதலில் கால் வைப்பார். அவருக்குப் பின் அடுத்தவர். அவருக்குப் பின் அடுத்தவர். எவ்வளவு அவசரமாக இருந்தாலும், மழை கொட்டினாலும், ஒருவர் இன்னொருவரை முந்த மாட்டார். வெளியாருக்கு இது ஏதோ பழங்கால மரியாதைபோலத் தெரியும். அது மரியாதைக்காக மட்டும் இருந்ததில்லை. முதலில் ஏறுகிறவர் மாஸ்டர், அவர் சுக்கானுக்குப் போவார். இரண்டாவது ஏறுகிறவர் பின்தளத்தில் கொக்கிக்குப் போவார். கப்பலிலிருந்து வருகிற வடம் அந்தக் கொக்கியில்தான் மாட்டப்படும். கப்பல் எங்களை மீறி இழுத்தால் டக் பக்கவாட்டில் சரிந்து, எண்ணி முடிப்பதற்குள் கவிழ்ந்துவிடும். அதற்கு முன் கொக்கியின் பூட்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்து வடத்தை விடுவிக்க வேண்டும். ஒரு கணம் முந்தி அடித்தால் கப்பல் போய் மோதும். ஒரு கணம் பிந்தினால் நாங்கள் கடலுக்குள். ஆகவே இரண்டாவதாக ஏறுகிறவன் எத்தனை வருடம் கடலைப் பார்த்தவன் என்பது மற்றவர்களின் உயிர்ப் பிரச்சினை.

எங்கள் டக்கில் இரண்டாவதாக ஏறியவர் அலியார் காக்கா. கிண்ணியாக்காரர், முஸ்லிம்; அவர்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். யுத்த காலத்திலேயே, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே, சின்னக் கொம்பனியில் சேர்ந்தவர். மாஸ்டர் லீவில் போகும் நாட்களில் சுக்கான் அவர் கையில் இருக்கும். அடுத்த மாஸ்டர் அவர்தான் என்பது துறைமுகத்துக் காகத்துக்கும் தெரியும்.

அவர் வேலை செய்கிற விதத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததன் அநியாயம் விளங்க வேண்டும் என்பதற்காக. ஒரு மார்கழி மாதம். வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சீனன்குடா எண்ணெய் ஜெட்டிக்கு ஒரு கப்பலைக் கொண்டுபோனோம். மாஸ்டருக்குக் காய்ச்சல், காக்கா சுக்கானில் நின்றார். அவருக்குப் பதில் கொக்கிக்கு நிற்க வேண்டிய அடுத்தவரும் வரவில்லை. "தம்பி, நீ நில்லு" என்று என் கையில் சுத்தியலைத் தந்தார். "நான் சத்தம் போட மாட்டன். காத்தில கேக்காது. என்ட இடது கையைப் பாரு. வேற ஒண்டையும் பாக்காத."

கப்பலின் மேல்தட்டிலிருந்து கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுகப் பைலட் விசில் ஊதுவார், நாங்கள் ஊதுகுழலில் பதில் கொடுப்போம். ஒரு நீளம் என்றால் இழு. இரண்டு குறுக்கம் என்றால் நிறுத்து. அன்று பைலட் இழுக்கச் சொல்லி ஊதினார், காக்கா இழுத்தார். திடீரென்று காற்று கப்பலின் முகப்பைத் தள்ளியது. வடம் பக்கவாட்டில் வந்து விறைத்தது. எங்கள் டக்கின் ஒரு பக்கம் தண்ணீர் தளத்தில் ஏறியது. என் முழங்கால் வரை தண்ணீர். நான் சுத்தியலை ஓங்கிவிட்டேன். காக்காவின் இடது கை உயரவில்லை. விரல்கள் மட்டும் விரிந்து, பொறு என்றன. அவர் சுக்கானை முழுதாகத் திருப்பி, டக்கின் மூக்கைக் கப்பல் போகிற பக்கமே விட்டார். சரிவு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. வடத்தை விடவே இல்லை. கப்பல் ஜெட்டியில் முட்டைமேல் கை வைத்ததுபோல் வந்து பொருந்தியது. நான் அடித்திருந்தால் எண்ணெய் ஜெட்டிக்கும் கப்பலுக்கும் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயம்.

வேலை முடிந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தேத்தண்ணி போடு. சீனி கூடப் போடு." போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோப்பையை என் பக்கமே தள்ளிவிட்டார்.

இனித் தகட்டுக்கு வருகிறேன். துறைமுக வாசலில் காவல். இலக்கம் பொறித்த பித்தளைத் தகடு சட்டையில் இல்லாமல் உள்ளே போக ஏலாது. சின்னக் கொம்பனிக்குக் கொடுத்திருந்தவை நாற்பது தகடுகள். நாற்பத்தொன்று கேட்டாலும் தர மாட்டார்கள். ஆகவே ஒருவர் விலகினால், செத்தால், நீண்ட நாள் வராமல் இருந்தால், அவருடைய தகட்டை வாங்கிப் புதிதாக வருகிறவருக்குக் கொடுப்பார்கள். பழையவர் திரும்பி வந்தால் அப்போது எது சும்மா இருக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. தகடு வாசல்காரனுக்கு, ஏறுகிற வரிசை எங்களுக்கு. பெரிய கொம்பனியில் அப்படியில்லை. அங்கே ஒருவன் சேர்ந்த நாளில் கொடுத்த இலக்கம் அவன் வீட்டுக்குப் போகும்வரை அவனுடையது.

நான் சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு வடம் அறுந்து தெறித்து அலியார் காக்காவின் வலது காலில் அடித்தது. எலும்பு இரண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலும் கிண்ணியா வீட்டிலுமாக எட்டு மாதம் படுத்திருந்தார். கணக்கப்பிள்ளை அவருடைய தகட்டை வாங்கி, புதிதாக வந்த எனக்குக் குத்திவிட்டார். நாலாம் இலக்கம். காக்கா திரும்பி வந்தபோது முப்பத்தெட்டு சும்மா இருந்தது. அதைக் குத்திக்கொண்டு, தாங்கித் தாங்கி நடந்து வந்து, வழக்கம்போல இரண்டாவதாக ஏறினார். நான் கடைசியாக ஏறினேன். என் சட்டையில் நாலு. அவர் சட்டையில் முப்பத்தெட்டு. பதினொரு வருடம் அப்படியே இருந்தோம், ஒருவருக்கும் தலை வெடிக்கவில்லை.

பிறகு பெரிய கொம்பனி சின்னக் கொம்பனியை வாங்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் இணைப்பு. ஒரு மீன் இன்னொரு மீனை விழுங்கினால் அதற்கு இணைப்பு என்று பெயர் வைப்போமா? முதலாளி தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கணக்கப்பிள்ளை அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன புத்தகத்தில் ஆட்களின் பெயர்கூட இல்லை. தகட்டு இலக்கமும் வேலைக்கு வந்த நாட்களும் மட்டும்.

பட்டியலைத் தயாரிக்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் நல்லதம்பி. பெயருக்கு ஒரு குறையும் வைக்காத மனிதர், அதுதான் கொடுமை. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நாங்கள் உள்ளே போனால் எழுந்து நின்று கதிரையைக் காட்டுவார். "இருங்கோ, இருங்கோ. நிண்டு கதைக்கக் கூடாது." மேசையில் மூன்று பென்சில்கள், மூன்றும் ஒரே நீளத்தில் சீவியிருக்கும். பதில் சொல்ல முதல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தபடி, "நான் உங்கட பக்கம்தான்" என்பார். என் வாழ்க்கையில் என்னை ஏசிய அதிகாரிகள் பலர். அவர்களை மறந்துவிட்டேன். இந்த மனிதரை மறக்க முடியவில்லை.

அவர் எங்கள் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல் பட்டியலை முடித்தார். பெரிய கொம்பனி ஆட்களை இலக்கப்படி ஒரு வரிசை. சின்னக் கொம்பனி ஆட்களை இலக்கப்படி இன்னொரு வரிசை. இரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னினார். அங்கே ஒருவர், இங்கே ஒருவர். பார்க்க மிக நியாயமாக இருந்தது. எங்களுடைய இலக்கம் மூப்பில்லை, வாசல் சீட்டு என்பதை அறியாத ஒருவருக்கு அது உண்மையிலேயே நியாயமாகத்தான் தெரியும். நாலாம் இலக்கக்காரனான நான் எட்டாவது இடத்தில் நின்றேன். எனக்கு மேலே இருந்த ஏழு பேரும் ஏற்கனவே மாஸ்டர்கள் அல்லது இயந்திர அறைக்காரர்கள். அப்படியானால் அடுத்த மாஸ்டர் நான். எனக்குக் கீழே ஒன்பதாவது, பெரிய கொம்பனியின் அந்தோனி. இருபத்தைந்து வருடம் கடலில் நின்ற அலியார் காக்கா எழுபத்தாறாவது.

காக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஐம்பத்தைந்தில் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மாஸ்டர் சில மாதத்தில் ஓய்வு பெற இருந்தார். அந்த இடம் கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் இந்தப் பிறவியில் இல்லை.

பட்டியல் ஒட்டிய மறுநாள் காலை ஜெட்டியில் ஒரு புது நேரக்காப்பாளர் பட்டியலும் கையுமாக நின்றார். இலக்கப்படிதான் ஏற வேண்டுமாம். மாஸ்டர் ஏறினார். பிறகு நேரக்காப்பாளர், "எட்டு, சிவலிங்கம்" என்று கூப்பிட்டார். நான் அசையவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. துறைமுக வாயிலில் கப்பல் ஒன்று ஊதிக்கொண்டிருந்தது. காக்கா என் முதுகில் கை வைத்தார்.

"ஏறு தம்பி. கப்பல் நமக்காக நிக்குது. அதுக்கு என்ன தெரியும்?"

அவரை முந்திக்கொண்டு நான் ஏறினேன். கொக்கியருகே போய்ச் சுத்தியலைத் தூக்கியபோது அது யாரோ ஒருவரின் வீட்டுச் சாவிபோல இருந்தது.

அன்று பின்னேரமே காக்காவைக் கூட்டிக்கொண்டு நல்லதம்பியிடம் போனேன். முழுக் கதையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் உங்கட பக்கம்தான். ஆனால் அலியார் எப்ப சேர்ந்தவர் எண்டு ஒரு கடிதம், ஒரு துண்டு, ஏதும் இருக்கோ?"

"சேர், என்ட கடிதம் இந்தா இருக்கு" என்று காக்கா சாரத்தை முழங்கால்வரை தூக்கினார். வடம் அடித்த இடத்தில் கால் கோணலாக, தோல் பளபளவென்று இருந்தது.

நல்லதம்பி அதைப் பார்க்கவில்லை. கோவையைப் பார்த்தபடி, மிக மெதுவாகச் சொன்னார்: "அலியார், காலைக் கோவையில போட ஏலாதே."

நோகடிக்க வேண்டும் என்று சொன்னவர் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். காக்கா சாரத்தை இறக்கிவிட்டு வெளியே வந்தார்.

ஆவணம்தானே வேண்டும், நானே ஒரு ஆவணம் ஆகிவிடுகிறேன் என்று எனக்குள் ஒரு ரோசம் வந்தது. இரண்டு நாள் இருந்து ஒரு வாக்குமூலம் எழுதினேன். நாலாம் இலக்கம் அலியாருடையது. அவர் வேலையில் அடிபட்டுப் படுத்திருந்த காலத்தில் அந்தத் தகடு எனக்குத் தரப்பட்டது. அவர் திரும்பி வந்தபின் வேறு தகட்டில் தன் பழைய இடத்திலேயே வேலை செய்தார். பட்டியலில் எனக்குத் தந்த இடம் அவருக்கு உரியது. இப்படி நேராக எழுதி, சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையொப்பம் வைத்தேன். காக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார் என்று தெரியும். எதற்காகத் தடுப்பார் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. அது என் மடத்தனம்.

மனைவிக்குச் சொன்னேன். அவள் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள். "மாஸ்டர் வேலை இனி எப்ப வரும் உங்களுக்கு?"

"வராமலும் போகலாம்."

"அப்ப சரி, குடுங்கோ. அந்த மனுசன்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் எப்பிடி வேலை செய்யிறது?" என்றாள். அவளுக்கு இன்றும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நல்லதம்பி வாக்குமூலத்தை இரண்டுமுறை வாசித்தார். ஒரு பென்சிலை எடுத்து இரண்டு இடத்தில் கோடு போட்டார். எங்கே போட்டார் என்று நான் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"இதால உங்களுக்கு நட்டம் எண்டு தெரியுமோ, சிவலிங்கம்?"

"தெரியும் சேர்."

"உங்களைப்போல நேர்மையான ஆக்கள் இந்தத் துறைமுகத்தில குறைவு" என்று எழுந்து கை கொடுத்தார். அந்தக் கை குளிர்ந்து, காய்ந்து, சுத்தமாக இருந்தது. நான் காற்றில் மிதந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. சாரம் இது. சிவலிங்கத்தின் சொந்த வாக்குமூலத்தின்படி நாலாம் இலக்கம் அவருக்கு உரியதல்ல, ஆகவே அவர் எட்டாவது இடத்திலிருந்து நீக்கப்படுகிறார். அதே வாக்குமூலத்தின்படி அலியார் தன் தகட்டை ஒப்படைத்துவிட்டு எட்டு மாதம் வேலையில் இருக்கவில்லை, ஆகவே அவருடைய முன்னைய சேவை முறிந்துபோனது. அவருக்கு முப்பத்தெட்டாம் இலக்கமே எண்ணப்படும். சிவலிங்கம் அவருக்கு அடுத்த இடத்தில் வைக்கப்படுவார். எட்டாவது இடம் வெற்றிடமானதால் கீழே உள்ளவர்கள் ஒவ்வொரு படி மேலே வருவார்கள்.

அதாவது அந்தோனி மாஸ்டர்.

கடிதத்தைக் கையில் பிடித்தபடியே கந்தோருக்குப் போனேன். அன்று அவர் கதிரையைக் காட்டினார், நான் இருக்கவில்லை.

"சேர், அவர் வேலையில அடிபட்டுத்தானே போனவர்? அதையும் நான் எழுதியிருக்கிறனே!"

"எழுதியிருக்கிறியள். ஆனால் அது உங்கட அபிப்பிராயம். நீங்கள் அப்ப அங்க இல்லை. அடிபட்டாப் பிறகுதானே வேலைக்கு வந்தனீங்கள்? தகடு மாறினது உங்கட சட்டையில நடந்தது, அதுக்கு நீங்கள் சாட்சி."

"அப்ப என்னைக் கீழ இறக்கிறதுக்கு என்ட கடிதம் காணும். அவரை மேல ஏத்துறதுக்குக் காணாது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் உங்கட பக்கம்தான்" என்று தொடங்கினார். அதற்குமேல் நான் அங்கே நின்றிருந்தால் கை நீட்டியிருப்பேன். வெளியே வந்து, சைக்கிள் பூட்டியிருக்கிறது என்பதையும் மறந்து அதை இழுத்துக்கொண்டு நின்றேன்.

இத்தனை வருடம் கழிந்தும் எனக்கு ஆறவில்லை. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, கைலஞ்சம் வாங்கவில்லை, அந்தோனிக்குச் சொந்தக்காரரும் இல்லை. அந்தோனிகூடக் கெட்டவன் இல்லை. என்னிடம் வந்து, "அண்ணை, நான் கேக்கேல்லை, தந்தவங்கள்" என்று தலை குனிந்து நின்றவன். அப்படியானால் இந்த அநியாயத்தை யார் செய்தது? ஒருவரும் செய்யவில்லையாம். பட்டியல் செய்ததாம். பட்டியலின் கழுத்தைப் பிடிக்க ஏலாது என்பதால்தான் அவர்கள் எல்லாவற்றையும் பட்டியலில் செய்கிறார்கள்.

காக்காவுக்கு இதை நான் சொல்ல முதல் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். ஜெட்டியில் வடங்கள் சுற்றி வைக்கும் கொட்டகையில் என்னைப் பிடித்தார். அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"ஆரைக் கேட்டுக் கடிதம் குடுத்த?"

"காக்கா, உங்கட இடம்..."

"என்ட இடமா? என்ட இடம் சுக்கான். கடதாசில என்ன பேர் இருந்தா எனக்கென்ன? நீ மாஸ்டரா இருந்தா நான் உனக்குப் பக்கத்தில நிண்டு சுக்கானப் பிடிச்சிருப்பன். மூணு வருசமும் பிடிச்சிருப்பன். ஆரு கேக்கிற? நீ கேப்பியா? இப்ப அந்தோனி அவன்ட ஆளைத்தான் வெச்சிக்குவான். அவனில பிழ இல்ல." கையில் இருந்த வடத்தைக் கீழே எறிந்தார். "உன்ட மனச் சுத்தத்துக்காக என்ட சுக்கானக் குடுத்திட்டியே தம்பி."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

இரண்டு வாரத்துக்குள் அவரை டக்கிலிருந்து எடுத்து, சரக்கு ஏற்றும் வத்தைகளுக்குக் காவலாகப் போட்டார்கள். பட்டியலின் அடியில் நிற்கிற கால் ஊனக்காரருக்கு டக்கில் என்ன வேலை என்றார்கள்; இளையவனான என்னை மட்டும் கயிறு சுற்ற விட்டுவைத்தார்கள். வத்தை என்பது இயந்திரம் இல்லாத தட்டைப் படகு. ஒரு இடத்தில் கட்டிக் கிடக்கும். கப்பலை முட்டைபோல் கொண்டுவந்து வைத்த மனிதர், தேயிலைப் பெட்டிகள் நனையாமல் படங்கு இழுத்து மூடிக்கொண்டு மூன்று வருடம் இருந்தார். நாங்கள் கப்பலைத் துறையில் கட்டப் போகும்போது கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாளடைவில் என்னோடு கதைத்தார். தன் கால், பிள்ளைகளின் படிப்பு, மாட்டு வைத்தியம் எல்லாம் கதைத்தார். டக்கைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஐம்பத்தைந்தாவது வயதில், பிரியாவிடை என்று ஒரு தேநீர்கூட இல்லாமல் வீட்டுக்குப் போனார்.

நானும் மாஸ்டர் ஆகவில்லை. என் முறை வரும்போது எனக்கும் வயது வந்துவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை என்று பெரிய மனுசத்தனமாக எழுத ஏலாது. வருந்துகிறேன். வாக்குமூலம் எழுதியது சரியா பிழையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அதை அவரிடம் கேளாமல் எழுதியது பிழை. அதில் சந்தேகம் இல்லை.

சில வருடத்துக்கு முன்பு காக்கா மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. கிண்ணியாவுக்குப் படகேறிப் போனேன். சாவீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து துறைமுகத்துக்கு வேலைக்கு வந்த மூன்று பேர் ஒரு வாங்கில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் தந்தார்கள். காக்காவின் மூத்த மகன், பள்ளிக்கூட வாத்தியார், வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே சிவலிங்கம் அங்கிள்? வாப்பா உங்கட கதைதான் சொல்லுவாங்க. அவங்க மாஸ்டரா இருந்த அந்தக் கடைசி மூணு வருசமும் நீங்கதான் கொக்கில நிண்டதாம், உங்களைப்போல ஒரு ஆள் கிடைச்சிருக்காட்டி டக் கவிண்டிருக்குமாம்."

பக்கத்தில் இருந்த பெரியவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். வாங்கில் இருந்த மூவரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். வத்தையில் காக்கா படங்கு இழுத்ததைத் தினமும் கண்டவர்கள். அத்தனை வருடமும், ஒரே ஊரில் இருந்துகொண்டு, ஒருவரும் அந்த வீட்டில் வாய் திறக்கவில்லை.

"அப்பிடியா அங்கிள்? நீங்க வாப்பாவுக்கு செகண்டாவா இருந்தீங்க?" என்று மகன் மீண்டும் கேட்டார்.

"ஓம் மகன்" என்றேன். "அவர்தான் மாஸ்டர். நான் அவருக்குக் கீழதான் வேலை செய்தனான்."